ஏப்ரல் பனியில் மாமனாரோடு

கலிஃபோர்னியாவில் எங்கள் லிவர்மோர் வீட்டுச் சமையலறையில், சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல் குதூகலமாகப் பேசிக்கொண்டிருந்தது. தாஹோ மலையில் இருக்கும் பனிச்சறுக்குத் தளம் ஒன்று தினமும் காலையில் பதிவு செய்து வைக்கும் வானிலை அறிக்கை அது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓர் ஏப்ரல் மாதம். சீசன் முடிந்ததென்று எல்லோரும் சறுக்குப் பலகைகளைக் கராஜில் ஏற்றிவைத்துவிட்ட நேரத்தில், ஞாயிறு இரவு கடலிலிருந்து ஒரு புயல் வருகிறது, உச்சியில் ஓர் அடிக்கு மேல் புதுப்பனி விழும், தளத்தை இன்னும் கொஞ்ச நாள் திறந்து வைப்போம் என்றது அந்தக் குரல். இரண்டு குளிர்காலமாகப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்திருந்த என் கணவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஸ்டார்ம் சண்டே நைட்தான். நாம சாட்டர்டே காலைல கிளம்பினா சாயங்காலம் வந்துடலாம். அப்பாவும் ஊருக்குப் போறதுக்குள்ள பனியப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

அவருடைய அப்பா, என் மாமனார், பொள்ளாச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு அவரைத் தனியே விட மனமில்லாமல் அழைத்து வந்திருந்தோம். என்னிடம் அவர் நேராகப் பேசியதே இல்லை. நான் எதிரில் நின்றாலும், "காப்பி போதும்னு சொல்லு" என்று மகனிடம்தான் சொல்வார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு அதுதான் மரியாதை. எனக்கு அப்போது ஆறாம் மாதம். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து நான் இருக்கும் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார். வெளியே எங்கே போனாலும் ஒரு பையில் எட்டு முழ வேட்டியை மடித்து வைத்துக்கொள்வார். பேன்ட் அவருக்குப் பிடிக்காது. சமயம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் அடித்தது. மாமனார் பனியை உள்ளங்கையில் அள்ளி, அது உருகி முழங்கை வரை வழிவதைச் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் சறுக்கப் போனார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் வெளிச்சம் மங்கியது. மரங்களின் நுனி ஒரே பக்கமாகச் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய புயல் முன்கூட்டியே வந்துவிட்டது, கிளம்புகிறவர்கள் உடனே கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஃப்ரீவேயில் வண்டிகள் ஊர்ந்தன. பனியில் வழுக்காமலிருக்க டயர்களுக்குச் சங்கிலி மாட்டாமல் யாரும் போகக்கூடாது என்றார்கள். என் கணவர் மண்டியிட்டு மாட்டிய சங்கிலி கொஞ்ச தூரத்திலேயே அறுந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரத்தில் நின்றது. என் பக்கக் கதவுக்கு வெளியே பைன் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. அடிமரம் எங்கோ பள்ளத்தில் இருந்தது.

"வளைவு தாண்டி சங்கிலி மாட்டிவிடற ஆட்கள் நிக்கறாங்க. ஒருத்தனக் கூட்டிட்டு வந்துடறேன். ஹீட்டர ஆஃப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு என் கணவர் நடந்தார். அவருடைய சிவப்பு ஜாக்கெட் வளைவு வரைகூடத் தெரியவில்லை. பாதியிலேயே வெள்ளை அதை விழுங்கிவிட்டது.

அதன்பின் எங்கள் பக்கம் எந்த வண்டியும் வரவில்லை. சாலையை மூடிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. நின்றுபோன வண்டிகளில் இருப்பவர்கள் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூடினால் விஷவாயு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது என்றும் சொன்னது. பின்சீட்டில் இருந்தவருக்கு அந்த ஆங்கிலம் புரிந்திருக்காது. நான் திரும்பி, முதல்முறையாக அவரிடம் நேரே சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.

"அம்மிணி, நீ எறங்காத. நான் போறேன்" என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்று, அந்தக் குரல் எனக்கானது. இன்னொன்று, அது நடுங்கியது.

"வேண்டாங்க மாமா. அந்தப் பக்கம் பள்ளம். வழுக்குதுங்க."

அவர் பையிலிருந்து வேட்டியை எடுத்தார். ஒரு முனையைக் கதவின் கைப்பிடியில் முடிந்தார், மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கன்வாஸ் ஷூவோடும் குரங்குக் குல்லாயோடும் இறங்கினார். பின்கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்ததால் அவரைப் பார்க்க முடியவில்லை. வேட்டி விறைப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அது தொய்ந்தது. "மாமா!" என்று கத்தினேன். காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கைப்பிடி அதிர, வேட்டி மறுபடி இறுகியது. வெறுங்கையால் பனியைத் தோண்டிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தபோது விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினார். பிறகும். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி, இனி இவர் வரமாட்டார் என்றே தோன்றியது.

அப்போதுதான் உணர்ந்தேன். காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த குழந்தை அசையவில்லை. தலை கனத்தது. பயத்தாலா, வாயுவாலா, தெரியவில்லை. கணவரிடம் சொல்லக்கூடத் தயங்குகிற விஷயம். அதை மாமனாரிடம் சொன்னேன். "மாமா, புள்ள அசையவே மாட்டேங்குதுங்க."

அவர் முகம் வெளுத்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். வளையாத விரல்களால் சட்டைப்பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் பல்லால் காகிதத்தைக் கிழித்து நீட்டினார். "உங்க அத்தைக்கும் ஒருக்கா இப்பிடி ஆச்சு. இனிப்பு சாப்புட்டா முழிச்சுக்கும்னு வைத்தியச்சி சொன்னா. மெல்லு, அம்மிணி. தூங்கிராத." கொஞ்சம் பொறுத்து, கண்ணாடியைப் பார்த்தபடியே, "எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றார்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே மென்றேன். அவர் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிரசவத்துக்குப் போன மாட்டு வண்டியின் அச்சு முறிந்தது, அன்றைக்குத் தான் வேண்டாத தெய்வமில்லை என்பது. பேச்சு நின்றால் நான் தூங்கிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, நிறுத்தவே இல்லை. நடுவில் எப்போதோ விலாவுக்குக் கீழே ஒரு சின்ன இடி. நான் வயிற்றில் கை வைத்ததைப் பார்த்து அவரே புரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக் குல்லாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பனி தள்ளும் வண்டி எங்களைக் கண்டபோது வெளிச்சம் ஏறக்குறையப் போயிருந்தது. என் கணவர் அதிலேயே வந்தார். நடந்து திரும்ப முயன்றவரைக் காவலர்கள் பிடித்து ஒரு லாரியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கையைப் பார்த்ததும் அதைத் தன் ஜாக்கெட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. ஊரில் கேட்டவர்களிடம் மாமனார், வயசாச்சு, மரத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாராம்.

சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வழியனுப்பும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் மகனைப் பார்த்து, "உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்றார். பழைய வழக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு வருத்தமில்லை. அன்று பிறக்காதிருந்த பேரனை, நாங்கள் ஊருக்குக் கொண்டுபோனபோது, அவர் ஒரே ஒருமுறை தூக்கிக் கொஞ்சினார். அடுத்த விடுமுறைக்கு நாங்கள் போகும்போது அவர் இல்லை.

அந்தப் பேரனுக்கு இப்போது பனிச்சறுக்குதான் உயிர். ஏப்ரல் வந்தால் போனில் மலையின் வானிலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் எல்லாம் அதில் இருக்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் நான் அந்தப் போனோடு சண்டை போடுவேன். கணிப்பு தப்பும், மலை கேட்காது என்பேன். "மாம், தி மாடல்ஸ் ஆர் பெட்டர் நௌ" என்பான், கணிக்கும் முறைகள் இப்போது தேறிவிட்டனவாம். அவன் சொல்வது சரிதான். போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, "புயலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுவேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பலகைகளை வண்டியில் கட்டினான். இந்த முறை நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குடா" என்றேன்.

அவன் கட்டுவதை நிறுத்தினான். மகன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.  பிறகு முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

"சரிம்மா" என்றான் தமிழில். "புயல் நின்னதுக்கு அப்புறம் போறேன்."