பெரிய வெள்ளிக்கு மணி இல்லை

எங்கள் ஊரில் வேதக்காரர் என்று பார்த்தால் ஐம்பது குடும்பம் தேறினாலே பெரிய காரியம். அதற்குள் மூன்று பிரிவு. கண்டி வீதியோரம் எங்கள் கத்தோலிக்கக் கோவில். அதற்குப் பின்னால் வண்டில் பாதையில் உள்ளே நடந்தால், குளக்கட்டுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவில் புரட்டஸ்தாந்துக்காரரின் சேர்ச். அதற்குக் கோபுரமும் கிடையாது, மணியும் கிடையாது. தெரியாத ஆள் பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்பான். வீதிக்கு மற்றப் பக்கம், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தென்னோலைக் கிடுகால் வேய்ந்து வைத்திருந்த பெந்தெகொஸ்தே சபை. அவர்களை நாங்கள் அல்லேலூயாக்காரர் என்போம். அவர்கள் எங்களைச் சிலை கும்பிடுகிறவர்கள் என்றார்கள். எங்கள் கோவில் மூப்பரோ மற்ற இரண்டு பகுதியையும் சேர்த்துப் பதிதர் என்று முடித்துவிடுவார். மோட்சத்தில் இடம் குறைவு என்று யாரோ சொல்லிவிட்டதுபோல அடிபட்டுக்கொண்டு கிடந்தோம்.

மூப்பர் என்றால் கோவிலைப் பார்த்துக்கொள்கிறவர். பங்குச் சுவாமி தூரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் செபமாலை சொல்வதும், மெழுகுதிரி கொளுத்துவதும், மணி அடிப்பதும், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவதும் மூப்பரின் வேலை. நான் புரட்டஸ்தாந்துச் சபை ஆளைக் கலியாணம் கட்டியிருந்தேன். அவருக்கு அது போதும்.

என் கணவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கலியாணப் பேச்சிலேயே நான் சொல்லிவிட்டேன், என்ன வந்தாலும் பூசையை விடமாட்டேன் என்று. அவர் சிரித்துக்கொண்டு சரி என்றார். ஞாயிறு காலை நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் போவோம். மத்தியானம் ஒரே பானைச் சோற்றைத் தின்போம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பயத்துக்குரிய நாளாகிவிட்டது. இளந்தாரிகளைப் பிடிக்க வருகிற ஆமிக்கு வீடு வீடாக அலைகிற வேலை இல்லை. ஆராதனை நேரம் பார்த்து வந்தால் எல்லோரும் ஓரிடத்தில், செருப்பையும் வெளியே கழற்றிவிட்டு இருப்பார்கள். அயலூர் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. நற்கருணை வாங்க வரிசையில் நின்றவர்களை வரிசை குலையாமல் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளோடு என் நித்திரை போனது. என் கணவருக்கு இருபத்தேழு வயது, பார்வைக்கு அதுவும் சொல்ல முடியாது. நான் பயந்தாங்கொள்ளி. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. அந்த நாட்களில் பயமில்லை என்று சொன்ன எல்லோரும் பொய் சொன்னார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

சுவாமியும் போதகரும் சொல்லிச் சொல்லி ஆகாத ஒற்றுமையை அந்தப் பயம் கொண்டுவந்தது. நத்தார்ப் பண்டிகை கழிந்து சில நாளில் மூன்று சபையாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று ஆராதனையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. ஒரு சபை கும்பிடும்போது மற்றச் சபைப் பெண்கள் வீதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் விடியற்காலைப் பூசைக்கு அல்லேலூயாப் பெண்கள் மதகில் வந்து இருந்தார்கள். புரட்டஸ்தாந்து ஆராதனைக்கு நாங்கள் இருந்தோம். அல்லேலூயாக்காரருக்குப் புரட்டஸ்தாந்துப் பெண்கள் இருந்தார்கள். ஊரில் மணி எங்கள் கோவிலில் மட்டும்தான். ஆகவே பூசைக்கு மணி அடிப்பதே நிறுத்தப்பட்டது. இனிமேல் மணி கேட்டால் இளந்தாரிகள் பின்பக்கத்தால் காட்டுக்குள் ஓட வேண்டும், வேறு அர்த்தம் இல்லை.

ஒரு ஞாயிறு, பச்சை நிற லொறி ஒன்றைக் கண்டு வெருண்ட அல்லேலூயா அக்கா ஒருவர் மணிக் கயிற்றை இழுத்துவிட்டார். பூசையில் நின்ற பெடியள் வாயில் நற்கருணையோடு காட்டுக்குள் பாய்ந்தார்கள். வந்தது வெங்காய லொறி. மத்தியானம்போல முள்ளுக் கீறல்களோடு திரும்பி வந்தவர்களை வெங்காயத்துக்கு ஓடின வீரர் என்று கன நாள் பகிடி பண்ணினோம். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. குளத்தடி வரைக்கும் மணி கேட்டதா என்று என் கணவரிடம் விசாரித்தேன்.

"எங்கட சேர்ச்சடியிலை மேய்ஞ்ச மாடுகளும் வெருண்டு ஓடினது" என்றார்.

கத்தோலிக்கருக்கு ஒரு முறை உண்டு. பெரிய வியாழன் பூசையோடு மணி மௌனமாகிவிடும். சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசை வரைக்கும் தொடக்கூடாது. ஆண்டவர் பாடுபடுகிற நாட்களில் மணியோசை ஆகாது. தேவைப்பட்டால் ஒரு மரக்கட்டையைத் தட்டுவோம். இது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சங்கதி. பழகிய சங்கதி என்பதாலேயே அந்த ஏற்பாட்டைச் செய்தபோது எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. புரட்டஸ்தாந்துக்காரருக்கு இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது.

பெரிய வெள்ளியன்று அவர்களுக்கு மத்தியானத்திலிருந்து மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை. ஆண்டவரின் சிலுவைப்பாடுகளைச் சொல்கிற வாசகத்தை வாசிக்க அந்த வருடம் என் கணவரைக் கேட்டிருந்தார்கள். காலையில் அவர் வெள்ளைச் சேட்டை ஸ்திரிக்கைப்பெட்டியால் மினுக்கிக்கொண்டு நிற்கும்போது கிட்டப் போய்ச் சொன்னேன்.

"இண்டைக்குப் போகாதேங்கோ. ரெண்டு நாளா றோட்டிலை வாகனம் கூட ஓடுது."

"நான் போகாட்டி ஆர் வாசிக்கிறது? மணி இருக்குத்தானே. நீரும் மணிக்குப் பக்கத்திலைதானே இருக்கப்போறீர்."

உபவாசம் என்று தேத்தண்ணியும் குடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போனார். நான் ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு முன்பே முடித்துக்கொண்டு கோவில் வாசலுக்குப் போனேன். என்னோடு காவலுக்கு இருக்க வேண்டியவளுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. வெயில் கொளுத்தியது. உள்ளே சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். மூப்பர் பின்னறையில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். குளத்தடிப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் காற்றில் மெல்ல வந்து வந்து போனது.

மாங்குளம் பக்கத்து வளைவில் முதலில் ஒரு ஜீப் தெரிந்தது. பின்னால் ட்ரக்குகள். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடும் இழுத்தேன். மேலே மணி அசைந்தது. சத்தம் வரவில்லை. திரும்ப இழுத்தேன். தலையணையில் குத்தியதுபோலத் தொப்பென்று ஒரு ஓசை, அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தேன். மணியின் நாக்கைச் சாக்குத் துண்டால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெரிய வியாழன் பூசை முடிந்ததும் மூப்பர் ஏறிக் கட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக இழுத்துவிடாமல் இருக்க வருடா வருடம் அவர் செய்கிற வேலை. இந்த வருடம் மணிக்கு வேறு வேலை இருக்கிறது என்பதை அவர் கை மறந்துவிட்டது.

மூன்றாம் முறை இழுக்கும்போது ஜீப் வாசலில் நின்றது. கயிறு என் கையில்தான் இருந்தது. விட்டால் குற்றம், பிடித்திருந்தாலும் குற்றம் என்று அப்படியே நின்றேன்.

இறங்கி வந்தவன் பெரியவன் என்பது மற்றவர்கள் ஒதுங்கிய விதத்தில் தெரிந்தது. சட்டைக் கழுத்துக்குள், கத்தோலிக்கர் கயிற்றில் கோத்து அணிகிற உத்தரியம் போட்டிருந்தான். எங்கள் கோவிலில் கிழவிகள் போட்டிருக்கிற அதே மண்ணிறத் துணி உத்தரியம். எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாகக்கூட இருந்தது. வேதக்காரன், கோவில் வாசலில் நிற்கிற பெண்ணை ஒன்றும் செய்யமாட்டான் என்று நினைத்தேன். அவன் ஆடுகிற கயிற்றைப் பார்த்தான், ஊதாத் துணிகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தமிழ் நன்றாகவே வந்தது, நீர்கொழும்புப் பக்கத்துத் தமிழ்.

"இன்னைக்குப் பெரிய வெள்ளி. மணி அடிக்கிறது இல்லையே. நீ எதுக்கு இழுக்கிற?"

வேறு எவனாக இருந்தாலும் கோவிலில் மணி அடிக்கிறாள் என்று விட்டிருப்பான். இவனுக்கு முறை தெரிந்திருந்தது. பெரிய வெள்ளியில் மணியைத் தொடுகிறவள் கும்பிடத் தொடவில்லை என்பது அவனுக்குச் சொல்லாமலே விளங்கியது. பயத்தில் நின்ற நிலையிலேயே சலம் போய்விட்டது. சீலை நனைந்து காலில் வழிந்தது, அவனும் அதைப் பார்த்தான்.

மூப்பர் பின்னறையிலிருந்து கைகளைக் கூப்பியபடி ஓடி வந்தார்.

"ஐயா, இவள் எங்கட கோவில் ஆள் இல்லை. மற்றச் சபையிலை கட்டினவள். அதுகளுக்கு எங்கட முறை ஒண்டும் தெரியாது. பூசைக்கு நேரமெண்டு நினைச்சு இழுத்துப்போட்டாள்."

இதைவிட நல்ல பொய்யை யாராலும் அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியாது. அந்த மனிதர் வருடக் கணக்காக என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்ததை இப்போது என்னைக் காப்பாற்றச் சொன்னார். அவன் நம்பினான். முகம் தளர்ந்து தலையை ஆட்டினான். போகத் திரும்பியவன் நின்றான்.

"மற்றச் சபையா? அது எங்க இருக்கு?"

மூப்பரின் முகம் வெளிறிப்போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஆனால் கோவிலுக்குப் பக்கத்தால் உள்ளே போவது ஒரே ஒரு பாதை. அதன் மணலில் அன்று போன சைக்கிள்களின் தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்தன. அவன் தடங்களைப் பார்த்துவிட்டு ஆட்களுக்குக் கையைக் காட்டினான்.

ஒருவனை எங்களுக்குக் காவல் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்து போனார்கள். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. பாட்டு நின்றிருந்தது, என் கணவர் வாசிக்கிற நேரமாக இருக்க வேண்டும். நான் கத்தியிருந்தாலும் அங்கே கேட்டிருக்காது. மூப்பர் முழங்காலில் விழுந்து செபமாலையை உருட்டினார். எனக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடைவெளியில், ஒருவேளை சும்மா பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு கொண்டுவந்தார்கள். அவரவர் சேட்டாலேயே கையைப் பின்னுக்குக் கட்டி, வரிசையாக. என் கணவர் நடுவில் வந்தார். என்னைத் தாண்டும்போது முதலில் மணியை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையோடு நான் மாதக் கணக்கில் கிடந்தேன். மணி இருக்குத்தானே என்று நம்பிப் போன மனிதர். நான் இழுத்தது அவருக்குத் தெரியாது. சொல்லவும் வழியில்லை.

அவர்களை வைத்திருந்த ஆமி முகாமுக்கு ஞாயிறு மட்டும்தான் ஆட்களை வரவிட்டார்கள். வாசலோடு சரி, உள்ளே பார்க்க விடமாட்டார்கள். மூன்று சபைப் பெண்களும் ஒரே உழவு மெசினில் ஏறிப் போவோம். நாங்கள் செபமாலை சொல்வோம். புரட்டஸ்தாந்துப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார்கள். அல்லேலூயாக்காரர் கையைத் தட்டித் தொடங்கினால் காவல்காரன் துவக்கை ஆட்டிக்கொண்டு வருவான். "அழாதீங்க அக்கா, நாங்க போடுற சத்தத்துக்குக் கடவுள் எப்பிடியும் திரும்பிப் பார்ப்பாரு" என்று அந்த வெங்காய லொறி அக்கா என் கையைப் பிடிப்பார். அவருக்கு யாரும் உள்ளே இல்லை. இருந்தும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

மூப்பரும் வருவார், தள்ளி நிற்பார். ஒருநாள் எங்கள் படலையடிக்கு வந்தார்.

"பிள்ளை, உன்னைத் தப்ப வைக்கத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"தெரியும் மூப்பர்" என்றுவிட்டுப் படலையைச் சாத்தினேன். அவர் சொல்லாவிட்டால் என்னை ஏற்றியிருப்பார்கள் என்பது உண்மையாகவே தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

போதாக்குறைக்கு என் கணவரின் சபைப் பெண் ஒருத்தி உழவு மெசினில் வைத்து என் காதுக்குள் ஒரு கதை சொன்னாள்.

"உம்மட மனிசன் அண்டைக்கு ஒரு மாதிரித்தான் இருந்தவர். வாசகம் ஆண்டவரை அடக்கம் பண்ணினதோடை முடிய வேணும். அவர் நிப்பாட்டாமல் அடுத்த அதிகாரத்துக்குப் போட்டார். பெரிய வெள்ளியிலை உயிர்ப்பை வாசிக்கிற ஆளை நான் கண்டதில்லை. போதகர் ஐயாவும் திரும்பித் திரும்பி அவரைப் பாத்தார்."

கணக்கு வாத்தியார் பக்கம் மாறி வாசிக்கிற ஆள் இல்லை. அவருக்கு முன்கூட்டியே புத்தி பிசகிவிட்டதோ, அந்த நிலையில் உள்ளே என்ன பாடுபடுகிறாரோ என்று எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது.

கார்த்திகை மழைக்குள் விட்டார்கள். இருவரை விடவில்லை. அவர்கள் பிறகும் வரவில்லை. என் கணவர் பாதியாக வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை, நான்தான் சோறு தீத்தினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ குசினிக்குள் பலகைக்கட்டையில் இருந்தபடி அவராகவே கதைத்தார். நான் மணியின் நாக்கு, சாக்கு, மூப்பர் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு.

"ஆரிலையும் பிழை இல்லை. நான் அண்டைக்கு மணியைப் பாத்தது கோவத்திலை இல்லை. அதுக்குக் கீழை நீர் நிக்கிறீரோ, உம்மையும் ஏத்திப்போட்டாங்களோ எண்டுதான் பாத்தனான்."

நான் அழுதேன். பிறகு அந்த வாசகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தினம். நான்தான் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த ஆமிப் பெரியவன் வந்து படியிலை நிண்டான். தொப்பியைக் கழட்டிக் கக்கத்துக்குள்ளை வைச்சான். நான் கத்தினா எல்லாரும் எழும்பி ஓடுவினம், சுடுவாங்கள். முன் வாங்கிலை முழுக்கச் சின்னப் பிள்ளையள். வாசகம் முடியுமட்டும் அவன் உள்ளை காலை வைக்கமாட்டான் எண்டு விளங்கிச்சுது. அதாலை மெதுவா வாசிச்சன். அடக்கம் முடிஞ்சுது. அவன் அசையேல்லை. நான் பக்கத்தைப் பிரட்டி உயிர்ப்பையும் வாசிச்சன்."

"பிறகு ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

இடது கையால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தண்ணி விடாய்ச்சுது" என்றார். "காலமை தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை. குரல் வரேல்லை."