எனக்குப் பதிலா ஒரு ஆமென்

அண்ணன்மாரே, அக்காமாரே, சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. என் குரல் இப்படித்தான். ஆம்பளைக்கு இது இன்னா குரல்னு கேக்காத ஆள் செங்கல்பட்டுல கெடையாது. இந்தக் கீச்சுக் குரலாலதான் ஒரு நவம்பர் மாச மழையில, வூடு பதினஞ்சு மைல் கூட இல்லாத எடத்துல, நான் சாகக் கெடந்தேன். கழுத்து வரைக்கும் தண்ணி. என்கூட வந்த அஞ்சு பேரும் நான் பின்னாடியே வர்றேன்னு நெனச்சுக்கினு நிம்மதியா போயிட்டாங்க. ஆண்டவர் என்னை எப்படித் தூக்கி எடுத்தாருன்னு சொல்றேன், கேளுங்க.

இது நடந்து சில வருஷம் ஆச்சு. எங்க ஜெபவீட்டு வாலிபருங்க ஆறு பேரு, சைக்கிள்லயே டில்லி வரைக்கும் போயி, தங்குற ஊர்ல எல்லாம் ஜெபம் பண்ணிட்டுத் திரும்பணும்னு கெளம்பினோம். தேவசகாயம் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவரு. ரயில்வேல வேலை. பெரிய மீசை, மைக் செட்டு வெச்ச மாதிரி குரல். எனக்கு அப்பதான் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். ராணி முழுகாம இருந்தா. நான் தயங்கினேன். "ஜெபம் பண்ணத்தானே போற, போயிட்டு வா. நான் எங்க அம்மா வூட்ல இருக்கேன்"னு அவதான் தைரியம் சொல்லி அனுப்பினா.

சைக்கிள்ல ஊரு சுத்துறது சொகுசுன்னு நெனச்சுடாதீங்க. விடியுறதுக்கு முன்னாடி எழுந்து ஜெபம். அப்புறம் டயர்ல காத்து இருக்குதான்னு கட்டை வெரலால அமுக்கிப் பாக்குறது. வெயில் ஏறுற வரைக்கும் மிதி. மத்தியானம் ஒரு மரத்தடி, ஸ்டவ்வு பத்தவெச்சு உப்புமா. அது தெனமும் அடிபுடிக்கும், அது யாரு தப்புன்னு தெனமும் சண்டை வரும். சாயங்காலம் மறுபடி மிதி. பொழுது சாயுறப்ப ஒரு ஸ்கூலோ சர்ச்சோ கெடைச்சா படுக்கை, இல்லன்னா பெட்ரோல் பங்க்கு தரை. தொடையெல்லாம் புண்ணு, அதுக்குத் தேங்கா எண்ணெ. தொவைச்ச சட்டைய காரியர்லயே கட்டிக் காயவெச்சுக்கினு போவோம். ஒண்ணா ஜெபம் பண்றவங்க சண்டை போட மாட்டாங்கன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. மத்தியப் பிரதேசத்துல ஒரு ஏத்தத்துல, ஒரு டம்ளர் தண்ணிக்காக நானும், எனக்கு முன்னாடி மிதிக்கிற ஜானும் ஒரு நாள் முழுக்க மூஞ்சி பாத்துப் பேசல.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். ரோட்டுல ஒருத்தன் பின்னாடி ஒருத்தனாத்தான் போவணும். முன்னாடி போற அண்ணன் அப்பப்ப "ஸ்தோத்திரம்!"னு குரல் குடுப்பாரு. அடுத்தவன் "ஸ்தோத்திரம்", அதுக்கு அடுத்தவன் "ஸ்தோத்திரம்", அப்படியே கடைசி ஆளு வரைக்கும் வரும். கடைசி ஆளு மட்டும் "ஆமென்"னு சொல்லணும். ஆமென் வந்துச்சுன்னா எல்லாரும் இருக்கோம்னு அர்த்தம். வரலன்னா வண்டிய நிறுத்திடணும். பஞ்சர் ஒட்டுற சாமானும் பம்பும் ஸ்டவ்வும் என்கிட்ட இருந்ததால நான்தான் கடைசி. எவன் வண்டி நின்னாலும் நான் வந்து சேருவேன் பாருங்க. என் ஆமெனக் கேட்டு, "எபி, உன் பொண்டாட்டிய எப்ப சைக்கிள்ல ஏத்துன?"னு தெனமும் கிண்டல் பண்ணுவானுங்க. வடக்க அந்தச் சத்தத்துக்கு யாருக்கும் அர்த்தம் புரியல. வேடிக்கை பாத்துட்டு வுட்டுடுவாங்க. அதனால டில்லி போயித் திரும்புற வரைக்கும் அந்தப் பழக்கத்துல ஒரு தப்பும் நடக்கல.

திரும்பி வர்றப்ப நாக்பூர்ல ஒரு சர்ச் விலாசத்துக்கு எனக்குத் தந்தி வந்துச்சு. பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சுகம். அன்னியிலருந்து என் கால் நிக்கவே இல்ல. பாக்காத மொகத்த நெனச்சு நெனச்சு மிதிச்சேன். யாரு மாதிரி இருக்கும்னு தெரியாது. என்னை மாதிரி இருந்தாலும் பரவால்ல, என் குரல் மட்டும் வேணாம் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணேன்.

கடைசி நாளு மெட்ராஸ்லருந்து தாம்பரம் வழியா நேரா செங்கல்பட்டு வந்திருக்கலாம். கெளம்புறப்ப மாமல்லபுரம் கடல்ல கால நனைச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் கெளம்பினோம், திரும்பும்போதும் அங்க போயி நன்றி சொல்லணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நின்னாரு. போனோம். கடல் கறுப்பா இரைஞ்சுகினு இருந்துச்சு, நல்ல மழை. நனைஞ்சுகினே ஜெபம் பண்ணோம். எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுதோம். புள்ளைய மொத வாட்டி பாக்கப் போறோமேன்னு, பையில பத்திரமா வெச்சிருந்த பெல்பாட்டம் பேண்ட அங்கயே மாட்டிக்கினேன். கீழ ரெண்டு ஆளு பூரலாம், அவ்ளோ அகலம். நாடு முழுக்க சுத்தி ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்டாரே ஆண்டவர்னு, திருக்கழுக்குன்றம் ரோட்டுல பாடிக்கினே போனோம்.

வழியில ஒரு தரைப்பாலம். ஏரி ரொம்பி, வழியுற தண்ணி பாலத்து மேலயே ஓடிக்கினு இருந்துச்சு. முன்னாடி போன அஞ்சு பேரும் எறங்கி, தள்ளிக்கினு தாண்டிட்டாங்க. நான் கொஞ்சம் தூரத்துல வந்தேன். முழங்காலுக்குக் கீழதானே தண்ணின்னு மிதிச்சுக்கினே எறங்கிட்டேன். பாதிப் பாலத்துல பேண்டு போயி செயின்ல சிக்கிச்சு. கால ஊன முடியல. தண்ணி ஒரு தள்ளு தள்ளுச்சு. சைக்கிள், மூட்டை, நான், எல்லாம் ஒண்ணா பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் பள்ளத்துல வுழுந்தோம்.

வலது தோள் கல்லுல மோதி கை தூக்க வரல. இடது கையால பாலத்து ஓரக் கல்லப் புடிச்சுக்கினேன். கால் செயினோட மாட்டிக்கினு கெடக்குது, மூட்டைய சுமந்த சைக்கிள் கீழ இழுக்குது. பேண்ட அவுக்கலாம்னு கல்ல வுட்டா தலை உள்ள போவுது. கத்தினேன். மழைச் சத்தத்துல என் கீச்சுக் கத்தல் பத்தடி கூட போவல.

அப்ப தூரத்துல பனை மரத்துங்களுக்கு அந்தாண்ட அண்ணன் குரல் கேட்டுச்சு. "ஸ்தோத்திரம்!" அப்பாடா, பொழைச்சேன்னு நெனச்சேன். என் ஆமென் வராது, நிப்பாங்க, வந்துடுவாங்க. ஒவ்வொருத்தனா சொல்லிக்கினு வர்றானுங்க. கடைசியா ஜான் சொன்னான். அடுத்தது நான். வாயத் தெறக்காம இருந்தேன்.

"ஆமென்!"

கீச்சுன்னு ஒரு குரல். அப்படியே என் குரல். நான் சொல்லல, சத்தியமா நான் சொல்லல. ஆனா சத்தம் வந்துடுச்சு. அவங்க பாடுற சத்தம் தூரமா போயிக்கினே தேஞ்சு போச்சு.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோவத்த மறைக்காம சொல்லணும். "இது நியாயமா ஆண்டவரே? டில்லி வரைக்கும் கூட்டிக்கினு போயி கொண்டாந்துட்டு, வூட்டு வாசல்ல வுட்டுட்டியா? என்னைத் தேட வுடாம யாரையோ பதில் சொல்ல வெச்சுட்டியே!"ன்னு அழுதேன். தண்ணி தாடைக்கு வந்துச்சு. கை மரத்துப் போச்சு. கோவம் போயி கெஞ்சல் வந்துச்சு. "ஒரு வாட்டி. புள்ளைய ஒரே ஒரு வாட்டி பாக்க வுடு அப்பா." அதுக்கு மேல வார்த்தை வரல. கடைசில வாயில வந்தது ஒண்ணுதான். "ஸ்தோத்திரம்."

"ஆமென்!" தலைக்கு மேலருந்து வந்துச்சு. "யாருப்பா அது? தண்ணியிலயா கீற?"

நிமிர்ந்து பாத்தா, தலையில கோணி போட்ட ஒரு அம்மா, இடுப்புல அறுவாளோட நிக்கிறாங்க.

"கால் மாட்டிக்கிச்சும்மா! முடியலம்மா!"

"ஐயோ ஆண்டவரே! அடியே லில்லி, ஓடியாடி!"

அவங்க பேரு ஞானம்மா. கழனி வேலை முடிச்சு, மருமக லில்லியோட வூட்டுக்குப் போயிக்கினு இருந்தாங்க. லில்லி ஓரக் கல்ல ஒரு கையால கட்டிப் புடிச்சுக்கினு, இன்னொரு கையால மாமியார் கைய இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. அந்தம்மா அறுவாளோட மார்பளவு தண்ணியில எறங்கிட்டாங்க. என் கால தடவிப் பாத்து, "அசையாதப்பா, துணிக்குப் பதிலா கால அறுத்துடப் போறேன்"னாங்க. ரெண்டு இழுப்பு, மூணு இழுப்பு. "ஐய, புதுத் துணி போல கீதே. போவட்டும், போவட்டும்"னு சொல்லிக்கினே அறுத்தாங்க. கால் வந்துடுச்சு. ரெண்டு பேருமா சேந்து என்னைப் பாலத்து மேல இழுத்துப் போட்டாங்க. அந்த ஈரத் தரைக்கு முத்தம் குடுத்தேன்.

கொஞ்ச நேரத்துல அஞ்சு பேரும் அலறிக்கினு திரும்பி வந்தாங்க. அடுத்த வாட்டி கூப்பிட்டப்ப ஆமென் வரலையாம். தேவசகாயம் அண்ணன் என்னை மடியில போட்டுக்கினு, "நீ ஆமென் சொன்னியேடா எபி! நான் கேட்டேனேடா!"ன்னு மீசையெல்லாம் நனைய அழுதாரு.

"நான் சொல்லலண்ணே."

"நான்தான் சொன்னேன்" அப்படின்னாங்க ஞானம்மா. "வரப்பு மேல வந்துகினு இருந்தேன். ரோட்டுல ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு போவுது. விசுவாசிங்க போறாங்கன்னு சந்தோஷத்துல ஆமென்னு சொன்னேன். ஸ்தோத்திரம்னு சொன்னா வேற இன்னாப்பா சொல்லுவாங்க?"

நம்ம ஊர்ல விசுவாசி எவன் கேட்டாலும் அதத்தான் சொல்லியிருப்பான். எனக்கு மட்டும் ஒண்ணு உறைச்சுச்சு. எந்தக் குரலால ஆண்டவர் என்னைக் கைவுட்டுட்டாருன்னு அழுதேனோ, அந்தக் குரலுக்கு சொந்தக்காரி அந்த நேரமே என்னைப் பாத்து நடந்து வந்துகினு இருந்தாங்க. ஜெபத்துக்குப் பதில் வரலன்னு நெனச்சேன். பதில் வழியில இருந்துச்சு.

பொழுது போன நேரத்துல ஜெபவீட்டுக்கு வந்து சேந்தோம். புள்ளையோட அங்க காத்துக்கினு இருந்த ராணி, என் கைக்குத் துணியால போட்ட கட்டையும் ஒரு கால் கிழிஞ்ச பேண்டையும் பாத்துட்டு, "இன்னாய்யா இது டில்லி பேஷனா?"ன்னா. அப்புறம் விஷயம் தெரிஞ்சு, என் நெஞ்சுல குத்திக் குத்தி அழுதா. புள்ளைய இடது கையில வாங்கினேன். கண்ணத் தெறந்து என்னை ஒரு பார்வை பாத்துச்சு. அவ்ளோதான், நான் கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டாரு.

அதுக்கு முன்னாடி எனக்கு ஜெபம்னா ஒரு பழக்கம். ஸ்தோத்திரம்கிற வார்த்தைய சைக்கிள் மணி அடிக்கிற மாதிரி அடிச்சுக்கினு இருந்தேன். இப்ப அப்படி வாய் வராது. யாராவது மெல்ல சொன்னா கூட நின்னு திரும்பிப் பாக்குறேன், எந்தத் தண்ணியில நிக்கிறாங்களோன்னு.

தோள் சரியானப்புறம் புள்ளையத் தூக்கிக்கினு ராணியோட ஞானம்மா வூட்டுக்குப் போனேன். வரக்காப்பி போட்டுக் குடுத்தாங்க. மனசுல இருந்ததக் கேட்டுட்டேன். "அம்மா, அவ்ளோ தண்ணியில எறங்க உங்களுக்கு பயமா இல்லையா?"

"பயமா இல்லாம? எனக்கு நீச்சல் தெரியாதுப்பா"ன்னாங்க. "ஆண்டவரே, ஆண்டவரேன்னு, பயந்துகினேதான் எறங்குனேன்."

நம்பிக்கைன்னா பயமே இல்லாம இருக்கிறதுன்னு அது வரைக்கும் நெனச்சுக்கினு இருந்தேன். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யாருக்காவது கழுத்து வரைக்கும் தண்ணி வந்திருந்தா, பயம் போவட்டும், அப்புறம் கூப்பிடலாம்னு காத்திருக்காதீங்க. பயந்துகினே கூப்பிடுங்க. கரையில நிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். எவனோ கூப்பிடுற சத்தம் காதுல வுழுந்தா, நீச்சல் தெரியாதேன்னு நிக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையப் புடிச்சுக்கினு, பயந்துகினே எறங்குங்க.