டீச்சரின் அக்கார்டியன்

டீச்சர் இறந்த பதினாறாம் நாள் மத்தியானம் அவருடைய அண்ணன் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். பெட்டியின் ஓரமெல்லாம் பூசணம்.

"மாமா, அத்தைக்க அக்கார்டியன். இது உங்களுக்காக்கும்னு சொல்லி வச்சிருந்தாவ. சபைக்குக் குடுத்திரலாம்னு நாங்க சொன்னோம், அவிய கேக்கல்ல."

என் கணவர் உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு வந்தார். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரப்பர் பால் வாசனையோடு வந்து அப்படியே சோற்றில் கை வைப்பார், நான்தான் சத்தம் போட்டு எழுப்பிவிட வேண்டும். அவர் தானாகப் போய்க் கை கழுவியதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ இடறியது.

வந்தவர் காப்பி குடித்துவிட்டுப் போனபிறகு கேட்டேன்.

"உங்களுக்கு இது வாசிக்கத் தெரியுமா?"

"கொஞ்சம். பாடகர் குழுவில இருக்கும்போ டீச்சர் சொல்லித் தந்தாவ."

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். இந்த மனிதருக்கு எந்தப் பல் சொத்தை, எந்த மீன் ஒத்துக்கொள்ளாது, தூக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியும் என்பது தெரியாது.

டீச்சரை எனக்கு நன்றாகவே தெரியும். முன்பெல்லாம் ஆராதனைக்கு அக்கார்டியன் வாசித்தவர். கோயிலில் அவருக்கு மூன்று பெஞ்சு பின்னால்தான் உட்காருவேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நேரான முதுகு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பார். நான் தோவாளைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கட்டி வந்தவள். புதிதில் என் பேச்சைக் கேட்டு இங்குள்ள பெண்கள் சிரிப்பார்கள். டீச்சர் சிரித்ததில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தும் இருந்தது.

மறுநாளே சாப்பாட்டு மேசை போயிற்று. அதன்மேல் போர்வையை விரித்து அக்கார்டியனை வைத்தார். முத்துப்போல மினுங்கும் சிவப்பு உடம்பு. அழுக்கில் பழுப்பேறிய கட்டைகள். துருத்தியை விரித்தபோது உள்ளேயிருந்து கரப்பான் முட்டைகள் உதிர்ந்தன. இழுத்தால் ஆஸ்துமாக்காரனின் மூச்சுப்போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

துடைக்கத் துணி கேட்டார். பழைய பனியனைக் கொடுத்தேன். நூல் பிரியும், வேண்டாம் என்றார். சற்றுநேரம் கழித்துப் பார்த்தால், எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் எடுத்துக்கொடுத்த வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அது எங்க அண்ணன் எடுத்த வேட்டி."

"நல்ல மெதுவான துணி ஏட்டி," என்றார், தலையைத் தூக்காமலே.

போனில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டார். துருத்தியைப் பிடித்திருந்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எது எந்தத் துளைக்கு உரியதோ அதே வரிசையில் ஒரு தெர்மோகோல் துண்டில் குத்திவைத்தார். மடிப்புகளின் ஓட்டையை அடைக்கத் துணிப்பட்டை ஒட்டினார். கட்டைகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். என் கால் ஆணிக்கு மருந்து போடச் சொன்னால் கண்ணாடி இல்லை, தெரியவில்லை என்பவர், கண்ணுக்கே தெரியாத தூசியைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். மூன்று மாதம் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

நான் சும்மா இருக்கவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் போய், தேன் விற்கிற கடையில் சொல்லிவைத்து நல்ல தேன்மெழுகு வாங்கி வந்ததே நான்தான். ரீடுகளை மரக்கட்டையில் ஒட்டவைப்பது அந்த மெழுகு. பழைய மெழுகு மண்ணாய் உதிர்ந்துபோயிருந்ததால் எல்லா ரீடுகளையும் கழற்றித் துடைத்து, வெள்ளைத்தாளில் பென்சிலால் எண் போட்டு அடுக்கிவைத்திருந்தார். ரீடு என்பது விரல் நீளத் தகடு. அதில் இரண்டு எஃகு நாக்கு. துருத்தி விரியும்போது ஒன்று பேசும், மூடும்போது மற்றது பேசும். உள்ளே இத்தனை நாக்குகள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஒருநாள் காலையில் அவர் மின்கட்டணம் கட்டப் போயிருந்தார். மேசையைத் தாண்டிப் போனவள் நின்றேன். ஒரு தகட்டை எடுத்து, அவர் செய்வதுபோல உதட்டில் வைத்து ஊதினேன். மெல்லிய, தெளிவான ஒரு சத்தம் வந்தது. யாரோ பக்கத்து அறையிலிருந்து பாட ஆரம்பித்ததுபோல இருந்தது. உதட்டிலிருந்து எடுத்து நைட்டிப் பையில் போட்டேன். பிறகு தையல் மெஷினின் சின்ன அறையில், பட்டன்களுக்கு நடுவில் வைத்து மூடினேன். இதைச் செய்ய வேண்டும் என்று யோசித்துச் செய்யவில்லை. திரும்ப எடுத்து வைக்க வேண்டும் என்று மத்தியானம் வரை யோசித்தேன், எடுத்து வைக்கவில்லை.

அன்று முழுக்கத் தேடினார். மேசைக்கு அடியில் முட்டிபோட்டுத் தவழ்ந்தார். குப்பையைத் தாளில் கொட்டிக் கிளறினார். ஒரு காந்தத்தை நூலில் கட்டி அலமாரிக்கு அடியில் இழுத்தார். ஒரு குண்டூசியும் என் பழைய ஹேர்பின்னும்தான் வந்தன. இரண்டாம் நாளும் தேடினார். "நீ பாத்தியா?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் அந்த வீட்டில் ஒரு நாற்காலி மாதிரி இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "நாந்தான் எங்கயோ தொலைச்சிட்டேன். அவ நம்பித் தந்தா."

மூன்று மாதமாக 'டீச்சர்' என்றே சொல்லிவந்தவர். அன்று 'அவ' என்றார்.

எழுந்து போய், தையல் மெஷினைத் திறந்து, தகட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"இந்தா இருக்கு. தொலையல்ல. நாந்தான் எடுத்தேன்."

தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதுக்குட்டி?"

"அவ மேல ஆசை இருந்துதா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்வார் என்றுதான் கேட்டேன்.

"இருந்து," என்றார். "எனக்கு நாலு வயசு மூத்தவ. ஒருதரம் போய்க் கேட்டேன். வேண்டாம்னுட்டா. ஏன்னும் சொல்லல்ல, நான் திருப்பிக் கேக்கவுமில்ல. வாசிக்கியதையும் அத்தோட விட்டேன்."

"நம்ம கல்யாணத்துக்கு வாசிச்சது அவதானே? இந்தப் பெட்டிதானே?"

"ஆமா."

"நான் ஆளு தெரியாம அவ வாசிப்புக்குக் கல்யாணப் பொண்ணா நடந்து வந்திருக்கேன்."

அவர் தகட்டைக் கையில் எடுத்தார். நாக்கு வளைந்திருக்கிறதா என்று தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கொஞ்சம் மடங்கியிருந்தா செத்திருக்கும். தெரியுமா உனக்கு?" என்றார். அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். இரண்டு நாள் பேசவில்லை. டீயை அவரே போட்டுக்கொண்டார், எனக்கும் ஒரு கிளாஸ் வைத்து மூடிவிட்டுப் போனார். அந்தக் கிளாஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

மெழுகு உருக்கும் வேலைக்கு இரண்டு கை போதாது. ஒருவர் தகட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், ஒருவர் கரண்டியால் சூடாக ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் அடுக்களை வாசலில் வந்து நின்று, "வந்து பிடிக்கியா?" என்றார். போனேன். ஒளித்துவைத்த தகட்டையும் நான்தான் பிடித்தேன். மெழுகு என் பெருவிரலில் ஒரு சொட்டு விழுந்தது. "பைய, பைய," என்று சொல்லி அந்த விரலைப் பிடித்து ஊதினார். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

எல்லாம் பூட்டி முடித்து, முதல் தடவை தோளில் மாட்டி வாசித்தார். மகா மோசமாக இருந்தது. விரல்கள் விறைத்து, இடது கை ஒரு பக்கமும் வலது கை ஒரு பக்கமும் போயின. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க அடுக்களைக்குப் போய்விட்டேன். ஆனால் மனிதர் விடவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம். இரண்டு மாதத்தில் அக்கம்பக்கத்தார் மதில் அருகே வந்து நின்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அறுப்பின் பண்டிகை அன்று கோயிலில் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். வெளியே வரும்போது ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்ளே, கண்ண மூடினா டீச்சர் வாசிச்ச மாதியே இருந்து," என்றாள். சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியை இறக்கியதும் கேட்டேன்.

"எல்லாம் அவ சொல்லித் தந்த பாட்டாவே வாசிக்கியளே. எனக்குன்னு ஒண்ணு வாசிக்கப்படாதா?"

"அதுக்கென்ன? என்ன பாட்டு வேணும், சொல்லு."

வாயைத் திறந்தேன். ஒரு பாட்டும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் என்று ஒரு பாட்டு இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். பிள்ளைகளைப் படிக்கவைத்தோம், வீடு கட்டினோம், அவர் அம்மாவைக் கடைசிவரை பார்த்தோம். அதிலெல்லாம் பாட்டு எங்கே இருந்தது?

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றேன்.

ஒரு வாரம் கழித்து, கல்யாணமான புதிதில் தோட்டத்து பஸ்ஸில் டிரைவர் ஓயாமல் போட்ட ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னேன். அவருக்கு அது சரியாக நினைவில்லை. நான் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. என் குரல் நல்ல குரல் இல்லை, இரண்டாவது அடியில் மூச்சு வாங்கியது. அவர் கட்டையில் தடவித் தடவி ஒவ்வொரு சுரமாகப் பிடித்தார். "இதா? இல்ல, இதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் "மேல, இன்னும் கொஞ்சம் மேல," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது முதல் இரண்டு அடி பழுதில்லாமல் வருகிறது.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் காலையில் அவர் அந்தப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டால் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவரையும் அதையும் தனியாக விட எனக்கு மனசில்லை.