பெட்ரோல் ஏறாத ஞாயித்துக்கிழமை

கார் ஸ்டார்ட் ஆவல. வெள்ளிமலையில நான் வாத்தியாரா இருந்தப்போ நடந்தது இது. வேற எந்த நாளா இருந்தாலும் போவுதுன்னு விட்டிருப்பேன். அன்னைக்கு பதினோரு மணிக்கு நைனார்பாளையத்துல மாமனார் வூட்டுல பேச்சு. கோவிச்சிக்கினு போன என் பொண்டாட்டியத் திருப்பி அனுப்பறதா, முறிச்சிக்கிறதான்னு முடிவு பண்ண பெரியவங்க நாலு பேரக் கூட்டியிருந்தாங்க. போன தடவை கூப்பிட்டப்போ நான் வீம்புக்குப் போகல. இந்தத் தடவையும் வரலன்னா அவ்ளோதான்னு மச்சான் போன்ல சொல்லிட்டான். காலை பஸ்ஸும் போயிடுச்சு, அடுத்தது மத்தியானம்தான்.

அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். "பேச ஆள் இல்லாத ஊர்ல, பேசாத ஆள்கூட எப்படிங்க இருக்கறது?"ன்னு கேட்டுட்டுத்தான் போனா. அவ போன ஆறு மாசத்துல ஸ்கூலத் தவிர வேற எங்கயும் நான் வாயத் தொறந்ததே கம்மி. வூட்டுல நான் தட்டு கழுவற சத்தம்தான். தனியா இருக்கறது பழகிடும்னு எவன் சொன்னாலும் பொய்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"செல்ஃப் நல்லா சுத்துதா சார்? அப்ப பேட்டரி இல்ல. சாவிய ஒரு பாயிண்ட் மட்டும் திருப்பி வச்சிட்டு, பின் சீட்டுக்கு அடியில காத வச்சிக் கேளுங்க. டேங்க்குல இருந்து பெட்ரோல் ஏத்தற பம்ப்பு ரெண்டு செகண்டு ங்ங்ன்னு ஓடணும்."

சாவி முன்னால, பம்ப்பு பின்னால, நானோ ஒருத்தன். திருப்பிட்டு ஓடி வர்றதுக்குள்ள அந்த ரெண்டு செகண்டு முடிஞ்சிடுது. மூணு தடவ ஓடினேன். எனக்கே கேவலமா இருந்தது.

பக்கத்துக் கொல்லையில சாமை அறுத்துக்கினு இருந்த அம்மாவக் கூப்பிட்டேன். நான் சாவியத் திருப்ப, அவங்க பின் சீட்டுல காத வச்சிக் கேட்டாங்க. "ஒன்னியும் கேக்கலைங்க சார், தூங்குது போல."

மெக்கானிக் போன்லயே சொல்லச் சொல்லப் பாத்தேன், ஃப்யூஸ் நல்லா இருந்தது. ஹாரனுக்குக் கரண்டு விடற ரிலேயப் புடுங்கி பம்ப்பு ரிலே இடத்துல போட்டுப் பாத்தேன், அப்பவும் சத்தம் இல்ல. இன்ஜின் மேல பெட்ரோல் போற குழாயில டியூப் வால்வு மாதிரி ஒன்னு இருக்கும். துணியச் சுத்தி அதோட ஊசிய அமுக்கச் சொன்னாரு. ப்ரஷர் இருந்தா பீச்சி அடிக்கணுமாம். ஒரு சொட்டு கசிஞ்சி நின்னுடுச்சு.

"டேங்க்குல எவ்ளோ வச்சிருப்பீங்க?"

"முள்ளு எப்பவும் அடியிலதான் இருக்கும்."

அப்ப மலையில பங்க் கிடையாது. கடையில பாட்டில்ல விக்கிறத வாங்கி ஊத்திக்கினு ஓட்டறதுதான் எங்க பழக்கம்.

"பம்ப்பு பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் சூடு ஆறும் சார். காய விட்டே கொன்னுட்டீங்க. கடையில இருக்கறத மொத்தமா வாங்கி ஊத்துங்க. அப்புறம் செருப்பக் கழட்டி டேங்க் அடியில நாலு போடு போடுங்க. ஓடிச்சின்னா எங்கயும் அணைக்காதீங்க, மறுபடி எழுந்திரிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஓடிப்போய் அஞ்சாறு பாட்டில் வாங்கியாந்து ஊத்தினேன். அந்தம்மா சிரிச்சிக்கினே என் செருப்ப வாங்கி அடிச்சாங்க. நாலாவது அடிக்கு உறுமிக்கினு வண்டி புடிச்சிக்கிச்சு.

இறக்கத்துல இன்ஜின அணைச்சிட்டு உருட்டிக்கினே போறவன் நான். அன்னைக்கு சாவிப் பக்கம் கையே கொண்டு போகல. என்ன பேசறது, எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு வழியெல்லாம் சத்தமா சொல்லிப் பாத்துக்கினே போனேன்.

பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப மாமனார் வூட்டு வாசல்ல நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு, இன்ஜின் ஓட ஓட எறங்கினேன். சத்தம் கேட்டு அவதான் வெளிய வந்தா. கண்ணு வீங்கியிருந்தது. என்னயும் வண்டியயும் மாறி மாறிப் பாத்தா.

"உடனே திரும்பிப் போற மாதிரி வண்டிய அணைக்காமகூட நிக்கிறீங்க. நான் வரமாட்டேன்னு உங்களுக்கே தெரிஞ்சிடுச்சா?"

கோவமே இல்லாம கேட்டா. இத எப்படி என்கிட்ட சொல்றதுன்னு தூங்காம கெடந்திருக்கா, பாவம். நானே வந்து பாரத்த எறக்கி வச்சிட்ட மாதிரி அவ மூஞ்சி லேசாச்சு. பம்ப்பு கதையச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொன்னா, வரமாட்டேன்றத அவ திரும்ப மொதல்லருந்து சொல்லணும்.

"தெரியும்மா"ன்னேன்.

அங்க வர்ற வழியில சின்னசேலம் தாண்டறப்பகூட, ஒரு கையில ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு, அவ உக்காரணுமேன்னு பக்கத்து சீட்டுத் தூசியத் துடைச்சிக்கினே வந்தவன் நான்.