அவசர அக்கா நிதானமான கதை

சலவைக்கூடத்தில் அவருக்கு ‘அவசர அக்கா’ என்றுதான் பெயர். ஒரு சட்டையைத் தேய்க்கும்போதே மனசு அடுத்த சட்டைக்குத் தாவி, அங்கிருந்து வீட்டு அடுப்புக்கு ஓடி, மகளின் பரீட்சையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கை மட்டும் வேலை பார்க்கும். முதலாளிக்கு அது போதும். அக்காவுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மகள் வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு மறதி வந்தது. ஒருநாள் யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டு மேலேயே இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு, அதைத் தேடிக் கூடம் முழுக்கச் சுற்றினார். புகைதான் காட்டிக்கொடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா நேராக டாக்டரிடம் ஓடினார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்று கேட்டவர்.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். “பயப்படாதீங்கம்மா, மூளைக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான் ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது. தினமும் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கவனிங்க. மனசு ஓடினா, திட்டாம கூட்டிட்டு வாங்க. செய்யச் செய்ய மூளையும் பழகிக்கும்.”

“மூச்சை என்னத்த கவனிக்கிறது? அது பாட்டுக்கு வருது, போகுது” என்று அக்கா வழியெல்லாம் புலம்பினார். கண்ணை மூடி உட்கார்ந்தால் குறட்டைதான் வந்தது. கடைசியில் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். துணியைத் தேய்க்கும்போது தேய்க்கிற கையையும் மூச்சையும் மட்டும் கவனிப்பது, பெட்டியை ஓரமாக நிறுத்தும்போது “வச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொல்வது. கூடமே கேலி செய்தது. ஆனால் போகப்போக, கெட்டிருந்த ராத்திரித் தூக்கம் திரும்பியது, ரத்த அழுத்தம் இறங்கியது, சுள்ளென்று விழுவதும் குறைந்தது. கோட்டுகளும் தப்பின.

மனசு நிதானப்பட்டதும் பழைய நாட்கள் மேல் ஏக்கம் வந்தது. துணிமூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லித் தீர்ப்பாள், அப்போது சிறுமியாக இருந்த மகள். சூடான துணியின் வாசனை நினைவிருக்கிறது, அந்தக் கீச்சுக்குரல் நினைவிருக்கிறது. கதை ஒன்றுகூட நினைவில்லை. கேட்டிருந்தால்தானே மறப்பதற்கு? “ம்... ம்...” கொட்டினாரே தவிர, எதையும் காதில் வாங்கவில்லை. இதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. அன்று அக்கா உட்கார்ந்து அழுதார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக அலுவலகத்துக் கதையை ஆரம்பித்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மகளின் பேச்சு நின்றது.

“ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன் கேக்குற?”

“இல்ல... நான் பேசும்போது நீ இப்படி உக்காந்து கேட்டு நான் பார்த்ததே இல்லையே.”