புளி போட்டுத் துலக்கிய ரிவால்வர்

டோர்ட்மண்டில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த ஜெர்மன் கிழவரிடம், அவருடைய பூட்டன் வைத்திருந்த ரிவால்வர் ஒன்று இருந்தது. மருந்தையும் குண்டையும் முன்பக்கத்தால் அடைத்து, பின்னால் செப்புத் தொப்பி மாட்டிச் சுடும் பழைய வகை. துருப்பிடிக்காதபடி தொழிற்சாலையில் குழலுக்கு ஏற்றிய நீலம், அந்தக் கருநீல மெருகு, இன்னும் நிற்கிறது என்பதால்தான் ஓர் அருங்காட்சியகம் அதைக் கேட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பார்வையும் அநேகமாகப் போய்விட்டது. தனக்குப் பிறகு அது உருக்காலைக்குப் போகக்கூடாது, அது ஒன்றுதான் அவருடைய கவலை.

விண்ணப்பம், உரிமக் கடிதம், அருங்காட்சியக ஆள் வந்து பார்க்கும் நாளுக்கான டெர்மின் எல்லாம் நான்தான் பார்த்தேன். அலுவலகத்தில் பிறர் படிவங்களில் பிழை பிடித்தே பென்சன் எடுத்து இளைப்பாறியவன் நான். ஒரு பெட்டியும் வெறுமையாக விடவில்லை.

டெர்மினுக்கு முதல் நாள் அவர் ரிவால்வரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாய்கதிரையில் கண்ணயர்ந்தார். சூப் கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஒரே கறள். இப்பிடியே ஊத்தையாக் குடுக்கப் போறியளே?"

"பழசு அப்பிடித்தான்."

"கோயிலுக்குக் குத்துவிளக்கு குடுக்கேக்க மட்டும் புளி போட்டு மினுக்கினீங்கள். வெள்ளைக்காரன்ர சாமான் எண்டால் பஞ்சியோ?"

அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. பிறர் கையில் கொடுப்பதைத் துலக்கிக் கொடுப்பதுதானே எங்கள் மரியாதை. அவள் புளி கொண்டுவந்தாள், நான் தேய்த்தேன். குழல் வெள்ளியாக மின்னியது. பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் வந்த அருங்காட்சியகப் பெண் கையுறை போட்டு, விளக்கைப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"இதை யார் சுத்தம் செய்தது?"

நான் வாய் திறக்குமுன் கிழவர், "நான்தான்" என்றார். "கண் தெரியாதவனின் வேலை." காலையில் கையில் எடுத்தபோதே புளி மணம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

துரு என்று நினைத்து நான் தேய்த்ததுதான் அந்த நீலம். நீலம் போனவை தங்களிடம் நிறைய இருப்பதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் போனாள்.

"எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா, பாருங்கள்," என்றார் அவர்.

குழலின் அடியில், குண்டை அழுத்தும் நெம்புகோலின் இடுக்கில், உருளையின் பள்ளங்களில் தேடினேன்; ஒரு பொட்டும் இல்லை. நான் எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்ல.

"இருக்கிறது," என்று அவருடைய விரலைப் பிடித்துக் குழலின் அடியில் வைத்தேன். அவர் விரலை அங்கிருந்து வெகுநேரம் எடுக்கவில்லை.

மாரிக் குளிரில் இறந்துபோனார். வாரிசும் உரிமமும் இல்லாத ஆயுதம் என்று, உருக்க அனுப்புவதற்காக அதை எடுக்க இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். கிழவர் எவ்வளவு பளபளப்பாக வைத்திருந்திருக்கிறார் என்று இளையவர் வியந்தார். மனைவி உள்ளே போய்விட்டாள்.