கொடைரோட்டில் இறங்கியவர்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். நான், மகள் கவிதா, அவளுடைய ஏழு வயது மகள் யாழினி. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். போகவேண்டிய இடம் கொடைரோடு. திண்டுக்கல்லுக்குத் தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் ரயில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம்.

கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கி மலைக்குக் கார் பிடிக்கிற ஊர் கொடைரோடு. திராட்சைக்கும் பேர் போனது. நான் போனது அதற்கெல்லாம் இல்லை. போன வருடம் என் கணவர் செல்வராஜ் அந்த ஸ்டேஷனில் இறங்கினார். திரும்பி ஏறவில்லை. அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் பயணத்தின் நோக்கம்.

எட்டரைக்குச் சின்னாளப்பட்டி விலக்கு. இடது பக்கம் சிறுமலை மேகம் போட்டுக் கிடந்தது. இந்த ரோடு அவருடைய ரோடு. முப்பது வருடம் மினி வேன் ஓட்டினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி, நிலக்கோட்டையிலிருந்து பூ. எந்த டீக்கடையில் வடை சூடாக இருக்கும் என்று மணி பார்த்தே சொல்வார். கல்யாணமான புதிதில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து இந்த வழியாகத்தான் ஊர் காட்டினார். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே கவிதாவைத் தூங்கவைத்துக் கூட்டி வந்திருக்கிறார். யாழினி பிறந்த பிறகு வேனை விற்றுவிட்டு, அவளை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வருவதையே தொழிலாக வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மதுரையில் ஒரு கல்யாணம் முடிந்து நானும் அவரும் யாழினியும் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில் நின்றால் அவருக்கு இறங்கியாக வேண்டும். அது பழைய வழக்கம். கொடைரோட்டிலும் "செத்த நேரம் நின்னுட்டு வாரேன்" என்று செல்போனை என் பையில் போட்டுவிட்டு இறங்கினார். வண்டி கிளம்பியது. "தாத்தா டாட்டா காட்டுறாரு" என்று யாழினி ஜன்னலில் சிரித்தாள். நானும் பார்த்தேன், சிரித்தேன். பின்னால் ஏதாவது பெட்டியில் தொற்றிக்கொள்வார், அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரை தாண்டுவதற்குள் நடந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். யாழினிக்குக் கொய்யா நறுக்கிக் கொடுத்தேன். திண்டுக்கல்லில் இறங்கி ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

கொடைரோட்டில் இறங்கும்போது மணி ஒன்பது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். சாதாரண ஸ்டேஷன். சிமெண்ட் பெஞ்சு, வேப்பமரம், தண்ணீர்க் குழாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு மனுசன் வாழ்க்கை முடிந்துபோன இடத்தில் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன் போல. திராட்சை விற்கிற அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தார். யாழினி கேட்டாள் என்று கவிதா அவளை அங்கே கூட்டிப் போனாள்.

ஆட்டோக்காரர் காதர் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர், பெண் எடுத்த ஊர் என்று இங்கே வந்து தங்கியவர். முந்தின நாளே போனில் பேசியிருந்தேன். எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. "தம்பி, ஒண்ணே ஒண்ணு தெரியணும். வண்டி கெளம்புனதும் ஏறுறதுக்கு ஓடுனாரா? ஓடுனதுலதான் நெஞ்சு வலி வந்துச்சா? ஒரு வருசமா இதேதான் நெனப்பு."

காதர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ஓடலம்மா."

"பெறகு?"

"எறங்கையிலயே நெஞ்சப் புடிச்சிட்டுத்தான் எறங்குனாரு. இந்தா, இந்தத் தூண்ல சாஞ்சாரு. நான் சவாரி கூப்புட உள்ள வந்தேன். சட்டையெல்லாம் வேர்வை. வண்டி ஊதிருச்சு. 'ஐயா ஏறலயா'ன்னேன். சத்தம் போடாதன்னு கையக் காட்டுனாரு. 'உள்ள பேத்தி இருக்கு. பாத்தா பயந்துரும். வண்டி போகட்டும், பெறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம்'னாரு."

நான் அந்தத் தூணைப் பார்த்தேன்.

"உங்க பெட்டி தாண்டிப் போகையில தூண விட்டு நிமுந்து நின்னாரும்மா. கைய ஆட்டுனாரு. பெட்டி போனதும் அப்படியே உக்காந்துட்டாரு. உங்க நம்பர மனப்பாடமாச் சொன்னாரு. 'திண்டுக்கல் போய்ச் சேந்த பெறகு கூப்புடு, நடுவுல கூப்புடாத'ன்னாரு. அம்புட்டுத்தான் பேசுனாரு. அன்னிக்கு நீங்க இருந்த நெலமையில இத எப்படிம்மா சொல்றது?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கையாட்டலை நான் பார்த்தவள். பார்த்துச் சிரித்தவள். என் எதிரிலேயே ஒரு மனுசன் வலியை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், முப்பத்து நான்கு வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யாரைக் கேட்டு முடிவு பண்ணினார்? ஒரு சத்தம் கொடுத்திருந்தால் இறங்கியிருப்பேனே. கையையாவது பிடித்துக்கொண்டிருந்திருப்பேனே.

காதர் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஆட்டோவுக்கு எவ்வளவு என்று அன்றும் நான் கேட்கவில்லை, இன்று கேட்டாலும் அவர் வாங்கமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. "என் மகளுக்கும் உங்க பேத்தி வயசுதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கவிதா திரும்பி வந்ததும் மெதுவாகச் சொன்னேன். திராட்சைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அப்பா அப்படித்தானம்மா. வேன் கதவுல வெரல் நசுங்குன அன்னிக்குக் கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டு எனக்குக் கதை சொன்னாரு. மக்யா நாள் காலைலதான் வெரல்ல கட்டு இருந்ததப் பாத்தோம்" என்றாள். பிறகு, "போன வருசம் சாப்புடுறப்ப பாதியில எந்திருச்சு மாடிக்குப் போவாரே, காத்து வாங்கப் போறேன்னு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த வலி அப்போதே இருந்திருக்கிறது என்று இரண்டு பேருக்கும் இப்போதுதான் புரிந்தது.

பதினொரு மணி வண்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். கவிதா என்னைப் பார்த்தாள். "ரயில்லயாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அவர் பார்க்க நாங்கள் போன அந்த வழியில் முழுசாக ஒருமுறை போகவேண்டும் போல இருந்தது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தென்னந்தோப்புகள், சோளக்காடு, ஒரு செங்கல் சூளை. அன்றைக்கும் இதெல்லாம் இருந்திருக்கும். நான் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்பாத்துரை வந்தபோது அடக்க முடியவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் கதவுப் பக்கம் போகலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தேன். யாழினி பார்க்கப் பார்க்க, வாயைப் பொத்தாமல் அழுதேன்.

அவள் பயந்துதான் போனாள். கவிதாவைப் பார்த்தாள். எதிர் சீட்டுக்காரர்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து, "தாத்தாவ நெனச்சு அழுவுறியா அம்மாச்சி?" என்றாள்.

"ஆமாடா."

"எனக்கும் வரும்" என்றாள். என் முந்தானையை இழுத்து, திராட்சை பிசுபிசுத்த கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கன்னம் எரிகிற அளவுக்கு அழுத்தித் துடைத்தாள். திண்டுக்கல் வரும்வரை என் கையை விடவே இல்லை.

வலியைக் காட்டியிருந்தால் அவருக்கும் இப்படித்தான் துடைத்துவிட்டிருப்பாள். அது தெரியாமலே இறங்கிப் போய்விட்டார்.